சுவிட்ச்போர்டுக்குக் கீழே

ஜூன் 9

அக்கா,

உங்கள் செயலியில் இருந்த என் கணக்கை மூடி, எனக்குப் பதின்மூன்று வயதுகூட ஆகவில்லை என்று எழுதியது நீதான். இல்லை என்று சொல்லாதே. வந்த அறிவிப்பின் அடியில் 'வயது ஆய்வு, நான்காம் தளம், பகல் ஷிப்ட்' என்று போட்டிருந்தது. உன் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் அதுதான் போட்டிருக்கிறது.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீடு ஒரே அறை. நான் போனை எடுத்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கிறாள். அதோடு, வாயால் பேசினால் நீ "அப்புறம் பேசறேன்டி சுண்டு, ஷிப்ட் இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

எனக்கு இருபத்து நான்கு வயது. நாலடி நாலு அங்குலம் உயரம். ஏழு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எலும்பு சரியாக வளரவில்லை, அதற்கு நான் என்ன செய்வது? பஸ்ஸில் இன்னும் அரை டிக்கெட்தான் கிழிக்கிறார்கள். நான் தகராறு செய்து முழு டிக்கெட் வாங்குகிறேன். கூடுதலாகக் கொடுப்பதற்காகக் கண்டக்டரோடு சண்டை போடுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் பட்டறையில் பல்செட்டுக்கு மெருகு போடும் மோட்டார் போன அக்டோபரில் புகைந்துபோனது. முதலாளி புதிது வாங்க மாட்டார். சின்ன மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசும் ஒரு குழுவில் படம் போட்டுக் கேட்டேன். வேறு ஊரிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். பார்சலில் அனுப்பச் சொன்னார், கட்டித் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து பேசுகிறோம். எட்டு மாதம்.

படமும் கிடையாது, வயதும் கிடையாது. அந்த நிபந்தனையைப் போட்டது நான்தான். பார்த்ததும் என்னைப் பாப்பா என்று கூப்பிடாத ஆள் ஒருத்தராவது இருக்கட்டும் என்று. வயதை ஊகிப்பது எங்களுக்கு விளையாட்டானது. தினம் ஒரு கேள்வி, ஒரு ஊகம். நானோ நாள் முழுக்கத் தேய்ந்த பல்லைப் பார்த்து வயது சொல்கிறவள். இவருடைய பல்லைப் பார்க்க வழியில்லையே. ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வைப்பார், நன்றி என்று முழுசாக எழுதுவார். அதை வைத்து ஐம்பத்திரண்டு என்றேன். அவர் என்னை நாற்பத்தொன்று என்றார். ஏன் என்று கேட்டேன். "எப்பப் பாத்தாலும் முட்டி வலி, முதுகு வலி, முதலாளி தொல்லை. இருபது வயசுப் பொண்ணு இவ்ளோ அலுத்துக்குமா?" என்றார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்துவிட்டாள்.

போன திங்கட்கிழமை அவர் தன் வயதைச் சொன்னார். முப்பத்தொன்றுதான். அடுத்து என் முறை. எண்ணை மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றியது. முகத்தை மட்டும் காட்டுவதும் ஏமாற்று வேலை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், கால் முதல் தலை வரை தெரிய, வீட்டுச் சுவரை ஒட்டி நின்று, பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவை எடுக்கச் சொல்லிப் படம் போட்டேன். பார்த்துவிட்டுப் போவதென்றால் போகட்டும் என்றுதான். அவர் பார்ப்பதற்குள் மூடிவிட்டீர்கள். படத்துக்குப் பதில் உங்கள் அறிவிப்பு போயிருக்கிறது. 'நீங்கள் உரையாடிவந்தவர் ஒரு குழந்தை எனத் தெரியவந்துள்ளது.' அப்படித் தெரிவித்துவிட்டதாக எனக்கே எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கைத் திறந்து விடு. அவரிடம் தப்பு நடந்துவிட்டது என்று சொல்லச் சொல்.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய போர்வை அவளுக்குப் பிடித்திருக்கிறது, வாய் திறந்து சொல்ல மாட்டாள்.

கோபம் போகாத,
சுண்டு


ஜூன் 16

என் சுண்டுவுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஹாஸ்டல் வார்டன் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் போடறது? காதலா?" என்றாள். ஆமாம், என் தங்கச்சி காதல் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் மூடவில்லை. நான்காம் தளத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு கணக்கு, ஒன்றுக்கு நாற்பது விநாடி. திரையில் மூன்று பட்டன். குழந்தை, பெரியவர், சந்தேகம். சந்தேகத்தை நூற்றுக்கு நாலு தடவைக்கு மேல் அமுக்கினால் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார்கள். முகத்தை எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். அந்தரங்கமாம். முகத்தின் மேல் ஒரு சாம்பல் கட்டத்தை ஒட்டித்தான் அனுப்புவார்கள். நாங்கள் மிச்சத்தைப் பார்த்து வயது சொல்ல வேண்டும். பின்னால் உள்ள மேஜை, கதவு, சுவர். எழுதுகிற விதம். முற்றுப்புள்ளி வைத்தால் நாற்பதுக்கு மேல் என்பது எங்கள் கணக்கு. உன் காயில்காரரை நானும் ஐம்பது என்றுதான் போட்டிருப்பேன்.

எனக்கு என்ன ஆகிவிட்டது தெரியுமா? முந்தாநாள் சோப்பு வாங்கப் போனேன். பில் போடுகிற பெண் நிமிர்வதற்குள் மனசுக்குள் பட்டனை அமுக்கிவிட்டேன். பஸ்ஸில், படியில், பாத்ரூம் வரிசையில் எல்லாரையும் அமுக்குகிறேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கு முப்பத்தெட்டு. நிஜத்தில் இருபத்தொன்பது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழுத் தலைவி ஆனதிலிருந்து பன்னிரண்டு பெண்கள் செய்கிற தப்புக்கும் நான்தான் நின்று பதில் சொல்கிறேன்.

ஆட்சேபணைப் படிவம் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையைப் படமெடுத்து அதோடு அனுப்பு. திறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. கோபப்படாதே. எட்டு மாதம் முகம் காட்டாத ஆம்பளையை இவ்வளவு நம்புகிறாயே. அந்த மாதிரி ஆட்களைத்தான் நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்க்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளையிடம் தனக்குப் பதினாலு என்று சொல்கிற கிழவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் இந்த வேலை. அப்படி நினைத்தால்தான் என்னால் காலையில் எழுந்திருக்கவே முடிகிறது.

அம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் படிவத்தை மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் ஒரே பதில். 'அட்டையில் உள்ள வயதும் தோற்றமும் பொருந்தவில்லை.' எனக்குத்தான் என் அட்டை பொருந்தவில்லையாம்.

அவர் பார்சல் அனுப்பியபோது பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை நான் வைத்திருந்தேன். அதில் அவருடைய பட்டறையின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். முதலாளி எடுத்தார். நான் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதும், "யாரும்மா நீ? குரலே சின்னப் பொண்ணாட்டம் இருக்கு. நீதானா அது? படிக்கிற வயசுல ஏம்மா இதெல்லாம்? போனை அப்பாகிட்ட குடு" என்றார். எனக்கு அப்பா இல்லை என்றேன். "ஐயோ பாவம்" என்றார். அக்கா, அந்த ஐயோ பாவத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காயில்காரர் இத்தனை மாதமும் என்னோடு பேசியது அவர்களுடைய பட்டறைப் போனில். உங்கள் அறிவிப்பை முதலில் படித்தவர் முதலாளி. அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். தெருவிலும் சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் உள்ள தெருவாம்.

நேரில் போய் நின்றால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். இதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அம்மாவிடம் பல்செட் டெலிவரி என்று பொய் சொல்லிவிட்டு, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனேன். சேலை கட்டிக்கொண்டு போனேன், பெரியவளாகத் தெரியட்டும் என்று. அவருடைய பட்டறை வாசலில் இறங்கினதும் எதிர் டீக்கடையிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தான். "இந்தப் பாப்பாதானாடா? சேலை வேற கட்டி அனுப்பிருக்காங்க பாரு" என்றான். நாலு பேர் கூடிவிட்டார்கள். நான் அட்டையை எடுத்து நீட்டினேன். "அட்டையெல்லாம் எங்க வேணா அடிச்சுக் குடுப்பான்" என்றான் இன்னொருவன். ஒரு பெண் வந்து என் தலையைத் தடவி, "சாப்டியாம்மா?" என்று கேட்டாள். நான் கத்தினேன். எனக்கு இருபத்து நாலு வயசு, ஆறு வருஷமா வேலை பாக்கறேன், உங்க வாயிலிருக்கிற பல்லைப் பார்த்தே உங்க வயசைச் சொல்வேன் என்று கத்தினேன். கத்தினால் என் குரல் இன்னும் கீச்சென்று ஆகிவிடும், உனக்குத்தான் தெரியுமே.

அதுவரைக்கும் அங்கே பாதிப் பேர் அவரை நம்பிக்கொண்டிருந்தார்களாம். என்னைக் கண்ணால் பார்த்த பிறகு ஒருத்தரும் நம்பவில்லை. காப்பாற்றப் போன நானே சாட்சியாகிவிட்டேன்.

அவர் அங்கே இல்லை. அவருடைய அக்கா வீட்டைத் தேடிப் போனேன். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு. எம் புருஷன் அவனை உள்ள விடக்கூடாதுங்கறாரு. நீ வந்து நின்னா இன்னும் கெட்டுப் போகும். போயிரும்மா, புண்ணியமாப் போகும்" என்றாள்.

திரும்பும்போது பட்டறை முதலாளி மட்டும் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். மோசமான ஆள் இல்லை. "கம்பெனிக்காரன் தப்பா சொல்லிட்டோம்னு எழுதிக் குடுக்கட்டும்மா. நானே அந்தத் தெருவுல காட்டி, கூட்டிட்டு வந்து சேத்துக்கறேன். வாய்ப்பேச்சு செல்லாது" என்றார்.

அந்தக் காகிதம் எனக்கு வேண்டும்.

சுண்டு


ஜூலை 13

சுண்டு,

நாலு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

நான் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். சொந்தக்காரர்களுடைய கணக்கைத் திறந்து பார்த்தால் வேலை போகும். சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது உன் கணக்கு மூடிய பதிவைத் திறந்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன வருஷம் ஒரு கூட்டத்தில், முகம் தெரியாமல் உயரத்தை எப்படி அளப்பது என்று கேட்டார்கள். நான் எழுந்து, எந்த வீட்டிலும் சுவிட்ச்போர்டு தரையிலிருந்து நாலடியில்தான் இருக்கும், தலை அதற்குக் கீழே இருந்தால் குழந்தை என்று சொன்னேன். எலக்ட்ரீசியன் மகள் இல்லையா, அளவு நாக்கு நுனியில் இருந்தது. கை தட்டினார்கள். மறுநாள் அது விதி ஆனது. அந்த மாதமே என்னைக் குழுத் தலைவி ஆக்கினார்கள்.

நம் வீட்டில் அது நாலடியில் இல்லை. தெருவில் தண்ணீர் இடுப்பளவு ஏறி, மாவு மில்காரர் ஷாக்கடித்துச் செத்த வருஷம், அப்பா நம் வீட்டில் போர்டைப் பெயர்த்து ஐந்தரை அடிக்கு ஏற்றினார். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நம் தெரு முழுக்க ஏற்றிக் கொடுத்தார். அதற்கடியில் நீ நின்றாலும் குழந்தை. அம்மா நின்றாலும் குழந்தை. கூட்டத்தில் எழுந்து நின்றபோது எனக்கு இது ஞாபகம் வரவில்லை. அந்த அறைக்குள் போனால் வீட்டு ஞாபகம் எதுவுமே வருவதில்லை.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. உன் கணக்கு என் குழுவிலேயே பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு வந்திருக்கிறது. அவள் சந்தேகத்தை அமுக்கப் போயிருக்கிறாள். அந்த நூறுக்கு அவளுடைய நாலு சந்தேகமும் தீர்ந்துவிட்டதால், "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன், கை பெரிய ஆள் கை மாதிரி இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்று மணி டீ. கையில் பிஸ்கட். நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. பார்த்தேன். பச்சைச் சுவர். நானும் நீயும் சேர்ந்து அடித்த பச்சை. அதன் முன்னால் சாம்பல் கட்டம் ஒட்டிய ஒரு சின்ன உருவம். "தலைக்கு மேல போர்டு இருக்குல்ல, அப்புறம் என்ன? அமுக்கு" என்றேன்.

நம் வீட்டை எனக்கு அடையாளம் தெரியவில்லை சுண்டு.

உன் கணக்கு திங்கட்கிழமை திறக்கும். இரவு ஷிப்ட் தலைவி எனக்கு ஒரு உதவி பாக்கி வைத்திருந்தாள். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அந்த மனிதருக்குப் போன அறிவிப்பைத் திரும்பப் பெற வழியே இல்லை. வருத்தம் தெரிவிக்கிற அறிவிப்பு என்று ஒன்று எங்கள் பட்டியலில் கிடையாது. நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அந்த விதி தப்பு என்று எழுதின மாதிரி. ஒரு வருஷமாக அந்த விதியை வைத்து மூடியதெல்லாம் தப்பு என்று ஆகும். குழுவைக் கலைப்பார்கள். பன்னிரண்டு பெண்கள், அதில் இரண்டு பேர் கைக்குழந்தைக்காரிகள். நானும்.

என்னை மன்னித்துவிடு. இதற்கு மேல் கேட்காதே. நான் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

கணக்கு திறந்திருக்கிறது. எட்டு மாதப் பேச்சும் அப்படியே இருக்கிறது. கடைசியில் அவர் கேட்டது நிற்கிறது. "இப்ப உங்க வயசு சொல்லுங்க. நான் பயப்பட மாட்டேன்." இருபத்து நாலு என்று எழுதி அனுப்பினேன். போகவில்லை. அவருடைய கணக்கு இப்போது இல்லை.

அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எங்கள் பட்டறை முகவரிக்கு. மூன்று வரி. 'நீங்கள் பெரியவர்தான் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அலுத்துக்கொண்டவர் குழந்தையாக இருக்க முடியாது. ஆனால் எனக்கு மட்டும் தெரிந்து என்ன செய்ய.' இப்போது ஏதோ குடோனில் மூட்டை தூக்குகிறாராம். காயில் கட்டுகிற கை அது. தலைமுடி மாதிரிக் கம்பியைச் சுற்றுகிற கை.

பன்னிரண்டு பெண்களைச் சொல்கிறாய். நான் நம் தெருவைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். தையல்கார அக்காவின் கணக்கைப் பிப்ரவரியில் மூடியிருக்கிறீர்கள். அவளுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். ரவிக்கை மாதிரிகளைப் போட்டு அவள் சேர்த்த வாடிக்கை எல்லாம் அதோடு போனது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன்டி" என்கிறாள். கடைசி வீட்டு நர்ஸ் அக்காவும் அதையேதான் சொன்னாள். நம் தெருவில் மட்டும் ஆறு பேர், ஆறு பேரும் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். வெள்ளம் வருகிற தெருவில் இருப்பவளை எல்லாம் குழந்தை என்று எழுதிவிட்டு, பிள்ளைகளைக் காப்பாற்றினோம் என்று நீங்கள் டீ குடித்திருக்கிறீர்கள். எந்தப் பிள்ளையைக் காப்பாற்றினாய்? ஒன்றைச் சொல்.

நீ களைத்துப் போயிருப்பது எனக்குத் தெரியும். நீ ஹாஸ்டலில் என்ன சாப்பிடுகிறாய் என்றுகூடத் தெரியும். உன் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் களைப்பு உனக்கு மட்டும்தானா? மூட்டை தூக்குகிறவருக்கு இல்லையா?

நான் கம்பெனியைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன். ஒரு வெள்ளைத் தாள். இந்தப் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. இவளைக் குழந்தை என்று சொன்னது தப்பு. சொன்னது நான். கீழே உன் பெயர், உன் வேலை, கையெழுத்து. இவ்வளவுதான். அவர் வேலை பார்த்த பட்டறையின் முகவரியை இதோடு வைத்திருக்கிறேன்.

சுண்டு


ஆகஸ்ட் 19

அக்கா,

இது மூன்றாவது. ஜூலை இருபத்தொன்றில் போட்டதற்கும் இந்த மாத ஆரம்பத்தில் போட்டதற்கும் பதில் இல்லை. வார்டனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கையிலதாம்மா குடுத்தேன், வாங்கிட்டுதானே போனா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசினாயாம், நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில். இருமலைப் பற்றிக் கேட்டாயாம். என்னைப் பற்றிக் கேட்கவில்லையாம். "ரெண்டு பேருக்கும் என்னடி சண்டை?" என்று அம்மா என்னைத் துளைக்கிறாள். நான் சொல்லவில்லை. நீ அடையாளம் தெரியாமல் விட்டது அவளுடைய வீட்டைத்தான், அது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அவருடைய பட்டறை முதலாளி கூப்பிட்டார். ஒன்றாம் தேதி வேறு ஆளைச் சேர்க்கிறாராம். "வேலை குமிஞ்சு கிடக்கும்மா, நான் எவ்ளோ நாள்தான் பாக்கறது? காகிதம் வருமா வராதா, அதை மட்டும் சொல்லு" என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

இன்று பத்தொன்பது. தபால் இங்கே வர மூன்று நாள், இங்கிருந்து அவருக்குப் போக இரண்டு நாள். இதோடு ஒரு தாளும் கவரும் வைத்திருக்கிறேன், தபால்தலை ஒட்டியிருக்கிறது. எழுத வேண்டியதை நானே பென்சிலில் எழுதிவிட்டேன். நீ அதன் மேல் பேனாவை ஓட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

போடுவாயா, மாட்டாயா? சொல்.

சுண்டு